பெயருக்கு முன்னால் ஒரு சிலுவை

சற்று முன்பு காபி குடிக்கும்போது உங்களில் ஒருவர், டிகிரிக் குறி கீபோர்டில் எங்கே இருக்கிறது என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். யார் என்று சொல்ல மாட்டேன். இப்போது தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறவரைப் பார்த்து நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். ஆல்ட்டை அமுக்கிக்கொண்டு நாலு எண்ணைத் தட்டுங்கள், வரும் என்றேன். வந்தது. "மேடம், உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று அவர் வாயைப் பிளந்ததில் எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. இந்தக் கப்பல் ஆபீசில் ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் ஏதாவது பேசச் சொன்னீர்கள். சரக்கு, கப்பல், கஸ்டம்ஸ் என்று பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதையெல்லாம் உங்கள் மேனேஜர் சொல்லித் தருவார். நான் கீபோர்டில் இல்லாத குறிகளைப் பற்றிப் பேசுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்கு வேலைக்கு வந்தேன். இங்கிலீஷ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த திமிர் இருந்தது. வேலை, பாய்மரத் தோணி வைத்திருந்தவர்களின் சங்கம் ஒன்றில். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போய்வந்த தோணிகள் அவை. சங்கத்தில் ஒரு செயலாளர், ஒரு ஹெட் கிளார்க், தற்காலிகமாக நான், நிரந்தரமாக ஒரு டைப்ரைட்டர். அந்த மெஷினில் ஒன்று என்ற எண்ணே கிடையாது; இங்கிலீஷ் சின்ன எல் எழுத்தை அடித்து ஒன்று என்று நம்ப வேண்டும். ஆச்சரியக்குறி வேண்டுமென்றால் மேல்கோமாவை அடித்து, பேக் ஸ்பேஸ் போட்டு, அடியில் புள்ளி வைக்க வேண்டும். ஆச்சரியப்படுவதற்கே மூன்று கட்டை தட்டியாக வேண்டும் என்பதால் அந்தக் காலத்தில் நாங்கள் அதிகம் ஆச்சரியப்பட்டதில்லை.

டிகிரிக்குச் சின்ன ஓ. உருளையை அரை வரி திருப்பி, எண்ணுக்கு மேலே அதை அடிப்போம். சேர்ந்த முதல் மாதத்திலேயே அதில் சந்தி சிரித்தது. கடலில் ஒரு படகு மூழ்கிக் கிடக்கிறது, அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று தோணிகளுக்கு ஒரு எச்சரிக்கைச் சுற்றறிக்கை. இடத்தை டிகிரிக் கணக்கில் குறித்திருந்தது. நூறு நகல் வேண்டும் என்பதால் ஸ்டென்சிலில் அடித்தேன். ஸ்டென்சில் என்பது மெழுகு பூசிய மெல்லிய தாள். எழுத்து விழுந்த இடம் கிழிந்து அதன் வழியாக மை இறங்கும். ஓ என்ற எழுத்தை அதில் பூப்போலத் தட்ட வேண்டும். நான் பாஸ் செய்த வேகத்தில் தட்டினேன். வட்டம் வட்டமாகத் தாள் பெயர்ந்து விழுந்துவிட்டது. நகலில் டிகிரி இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் கொழுத்த கறுப்புப் பொட்டு.

ஹெட் கிளார்க் அண்ணாச்சி ஒரு நகலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வயல்காட்டிலிருந்து வந்தவர். நெற்றியில் திருமண், மூக்கில் கண்ணாடி. திட்டுகிறாரா, கேலி செய்கிறாரா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

"ஏம்மா, கடலு பூரா ஈ மொச்சிக் கெடக்கே. தோணிக்காரன் இத வச்சு வழி கண்டுபிடிக்கவா, ஈ ஓட்டவா?"

நூறு நகலிலும் பொட்டுகளைச் சுரண்டி, பேனாவால் வட்டம் போட்டேன். கை வீங்கியதுதான் மிச்சம். அதற்குப் பிறகு இன்றுவரை எந்தக் கீபோர்டிலும் ஓ எழுத்தை நான் அழுத்தித் தட்டியதில்லை. அது போகட்டும். நான் சொல்ல வந்தது வேறு ஒரு குறியைப் பற்றி.

நவம்பர், கத்தோலிக்கர்களுக்கு ஆத்துமாக்கள் மாதம், இறந்தவர்களுக்காகச் செபிக்கிற மாதம். அந்த மாதக் கடைசியில் சங்கத்தின் சார்பில் கோயிலில் ஒரு பூசை வைப்பார்கள். அதற்காக ஒரு பட்டியல் அடிக்க வேண்டும். தோணியின் பெயர், அதன் கீழே அதில் போகிற ஆட்கள் அத்தனை பேரின் பெயர்கள், முதலில் தண்டல். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். உயிரோடு இருப்பவர் பெயர் வெறுமனே இருக்கும். அந்த வருடத்தில் இறந்துபோனவர் பெயருக்கு முன்னால் ஒரு சிலுவை. சாமியார் பூசையில் சிலுவை போட்ட பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாக வாசிப்பார். பட்டியல் இங்கிலீஷில் இருக்கும். கடற்கரையில் பல பேருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் சிலுவையை எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும்.

எங்கள் ஊரிலும் சிலுவைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாங்கள் புராட்டஸ்டண்ட். பெயருக்கு முன்னால் அதைப் போடுகிற வழக்கம் எனக்குப் புதிது. முதல் வருடம் கூட்டல் குறியைத் தட்டிவைத்தேன். "மனுசன் செத்தத கூட்டிக் கழிச்சா காட்டுவ?" என்றார் ஹெட் கிளார்க். நான்கு பக்கமும் ஒரே நீளமாக இருந்தால் அது சிலுவை இல்லையாம். அடுத்து, சின்ன எல்லின் மேல் ஒரு சிறுகோட்டை அடித்தேன். கோடு பாதிக்குக் கீழே விழுந்து சிலுவை தலைகீழாக நின்றது. திருமண் இட்ட ஒரு வைணவர், ஞானஸ்நானம் வாங்கிய எனக்கு, சிலுவை எப்படி நிற்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார். கடைசியில் பிடிபட்டது. எல் அடி, பேக் ஸ்பேஸ் போடு, உருளையை மயிரிழை பின்னால் திருப்பு, பிறகு சிறுகோடு. நேரான சிலுவை வரும்.

இரண்டாவது வருட நவம்பரில்தான் அது நடந்தது. கொழும்பிலிருந்து நான்கு தோணிகள் சேர்ந்து கிளம்பின. வழியில் புயல். மூன்று தோணிகள் பாய் கிழிந்து, பாதிச் சரக்கைக் கடலில் தள்ளிவிட்டு வந்து சேர்ந்தன. மிக்கேல் தண்டலின் தோணி வரவில்லை. அதில் ஏழு பேர். பத்து நாள் கழித்து வேம்பார்ப் பக்கம் ஒரு பலகை ஒதுங்கியது. அதில் அந்தத் தோணியின் பெயர் இருந்தது. துறைமுக அலுவலகம், தோணி மூழ்கியதாகக் கருதப்படுகிறது என்று ஒரு கடிதம் அனுப்பியது. மறுநாள் காலை பூசை. ஏழு பேருக்கும் சிலுவை போட்டுப் பட்டியலைச் சாயங்காலத்துக்குள் கோயிலில் கொடுத்துவிட வேண்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டுப் போனார்.

மிக்கேல் தண்டலின் மனைவி செசிலியாக்கா தினமும் சங்கத்துக்கு வருவாள். செய்தி உண்டா என்று கேட்பாள். இல்லை என்றதும் மின்விசிறிக்குக் கீழே உள்ள பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். கையில் ஒரு பை. அதில் அவர் கரையேறினால் மாற்றிக்கொள்ள ஒரு சட்டையும், இடுப்பில் கட்ட ஒரு சாரமும். அன்று மத்தியானமும் வந்தாள். ஸ்டென்சிலை மெஷினில் ஏற்றியிருந்தேன். நோய்வாய்ப்பட்டு இறந்த இரண்டு முதியவர்களுக்குச் சிலுவை போட்டாயிற்று. அடுத்த தாளில் மிக்கேல் தண்டலின் தோணி.

"தங்கச்சி, நாளைக்குள்ள லிஸ்டா?"

"ஆமாக்கா."

"அவுக பேரு வந்துருச்சா?"

"இனிதான் அடிக்கணும்."

அவள் எழுந்து வந்து என் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"சிலுவ போட்றாத பிள்ள. கோயில்ல பேர வாசிச்சாச்சுன்னா எங்க மாமியா வீட்டு ஆளுவ எல்லாம் வந்துருவாவ. தாலியக் கழட்டிருவாவ. பொறவு அவுக திரும்பி வந்து வாசல்ல நின்னா, நான் வெறுங்கழுத்தோட எப்பிடி எதுக்கப் போயி நிப்பேன்? நீயே சொல்லு."

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவள் போன பிறகு ஏழு பெயர்களையும் அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் சிலுவைக்கான இடத்தைக் காலியாக விட்டேன்.

மூன்று மணிக்கு ஹெட் கிளார்க் வந்து தாள்களைப் புரட்டினார்.

"ஏழு பேருக்கும் எங்கம்மா?"

"ஸ்டென்சில்ல ஒரே எடத்துல ரெண்டு தரம் அடிச்சா கிழிஞ்சிரும் அண்ணாச்சி."

அவர் முதல் தாளைத் திருப்பிப் பார்த்தார். அதில் முதியவர்கள் இருவருக்கும் நான் அடித்த சிலுவைகள் கிழியாமல் அழகாக நின்றன. என்னைப் பார்த்தார். நான் தற்காலிகம்தான், ஒரு வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

"அப்பம் கையால போடு," என்றார். ஸ்டென்சிலில் கோடு இழுக்க இரும்பு முனை வைத்த ஒரு பேனா உண்டு. அதை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"எனக்குக் கை நடுங்குது. நீங்க போடுங்க அண்ணாச்சி," என்றேன். அது பொய் இல்லை.

சரி என்று உட்கார்ந்தார். தாளைக் கண்ணாடித் தட்டின் மேல் விரித்தார். முதல் பெயர் மிக்கேல் தண்டல். அவரும் மிக்கேல் தண்டலும் தினமும் எதிர்க்கடையில் ஒன்றாக டீ குடிப்பவர்கள். யார் காசு கொடுப்பது என்று சண்டை போடுவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். பேனா முனை பெயருக்கு முன்னால் போய் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கண்ணாடி கொண்டுவரல. கண்ணு தெரியமாட்டேங்கு," என்றார். கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

பட்டியல் அப்படியே நகலெடுக்கப்பட்டுக் கோயிலுக்குப் போனது. செயலாளர் சத்தம் போட்டபோது, துறைமுகக் கடிதத்தில் 'கருதப்படுகிறது' என்றுதான் இருக்கிறது, கருதுவதற்கெல்லாம் சிலுவை போட முடியாது, தான் சொல்லித்தான் இடம் காலியாக விடப்பட்டது என்று ஹெட் கிளார்க் தன் தலையில் போட்டுக்கொண்டார். அந்த மனிதரை அன்றைக்குப் பிடித்துப்போனது, இன்றுவரை பிடித்துத்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் நான் கதையை நிறுத்தினால் நல்ல பிள்ளையாகிவிடுவேன். நீங்களும் கைதட்டுவீர்கள். ஆனால் மறுநாள் பூசை முடிந்து வெளியே வந்ததும் ஒரு அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்தத் தோணியில் போன ஒருவனின் தாய்.

"ஊருக்கெல்லாம் பூச வச்சிய. எம் மவன் பேர மட்டும் வாசிக்காம விட்டுட்டியளே. உங்களுக்கு அவன் என்ன செஞ்சான்? கடலுக்குள்ள கெடக்கவனுக்கு ஒரு செபம் கெடைக்கப்பிடாதா?"

ஒரு பெண் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து நான் ஏழு வீட்டுக்கு முடிவெடுத்துவிட்டேன். மற்ற ஆறு வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரக்கப்பட்டுச் செய்தோம் என்றால் தவறு தவறில்லாமல் போய்விடாது. பிள்ளைகளே, என் முப்பத்தைந்து வருட வேலையில் எத்தனையோ தவறு செய்திருக்கிறேன். வெட்கப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான்.

அன்று மத்தியானமே ஹெட் கிளார்க்கிடம் போய்ச் சொன்னேன். அவர் குடையை எடுத்தார். "வா, வீடு வீடாப் போயி கேட்டுருவோம்," என்றார். வெயிலில் ஆறு வீட்டுக்கும் நடந்தோம். இரண்டு வீட்டில், சங்கத்துப் பட்டியலிலாவது போட்டுவிடுங்கள், நாங்கள் அழுது முடித்தாக வேண்டும் என்றார்கள். அந்தத் தாய் வீடும் அதில் ஒன்று. மூன்று வீட்டில் பொறுக்கச் சொன்னார்கள். ஒரு வீட்டில் கிழவர் ஒருவர், "நீ படிச்ச பிள்ள, நீயே பாத்துச் செய்யி," என்றார். அது என் வேலை இல்லை தாத்தா என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நாள் முன்னதாகப் புத்தி வந்திருக்க வேண்டும். அந்த அம்மா தன் மகனுக்குத் தனியாக ஒரு பூசை வைத்தாள். பூசையில் எப்போது எழுவது, எப்போது முட்டி போடுவது என்று எனக்குத் தெரியாது. பக்கத்திலிருந்த அவளைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

இன்னும் ஒரு வாரம் போனது. கொச்சியிலிருந்து தந்தி வந்தது. புயலுக்கு மறுநாளே ஒரு சரக்குக் கப்பல் ஏழு பேரில் இரண்டு பேரைக் கடலிலிருந்து தூக்கியிருந்தது; அது வேறு துறைமுகங்களுக்குப் போய்விட்டு அப்போதுதான் கொச்சிக்கு வந்திருந்தது. அந்த இருவரில் ஒருவன், சிலுவை போட்டுவிடுங்கள் என்று சொன்ன வீட்டுப் பிள்ளை. ஆனால் அந்தத் தாயின் மகன் இல்லை. மிக்கேல் தண்டலும் இல்லை. தோணி உடைந்தபோது தண்டல்தான் அவர்கள் இருவரையும் பாய்மரக் கட்டையோடு சேர்த்துக் கட்டிவிட்டாராம். தன்னைக் கட்டிக்கொள்ளக் கயிறு மிச்சமில்லை. அதற்கு மேல் அவர்கள் அவரைப் பார்க்கவில்லை.

"பாக்கலன்னுதானே சொல்லுதானுவ," என்றாள் செசிலியாக்கா. பையோடு தொடர்ந்து வந்தாள். மாமியார் வீட்டில் பேச்சு வாங்கினாள் என்று கேள்விப்பட்டேன். மீன் கூடை தூக்கிப் பிழைத்தாள். தினமும் வந்தவள் வாரம் ஒரு நாள் வந்தாள். பிறகு மாதம் ஒரு நாள்.

உங்கள் கம்ப்யூட்டரில் சிலுவை, டிகிரி, பவுண்டு எல்லாம் ஒரு சொடுக்கில் வரிசையாக வந்து நிற்கிறது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை; கை வீக்கம் உங்களுக்கு வேண்டாம். ஆனால் ஒரு பட்டியலில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் எந்தக் குறி போட்டாலும், ரத்து என்றோ காணவில்லை என்றோ முடிந்தது என்றோ எது போட்டாலும், அது யார் வீட்டு விஷயம், அவர்களிடம் யாராவது கேட்டார்களா என்று ஒரு தடவை கேளுங்கள். மேலதிகாரி முகம் சுளித்தாலும் கேளுங்கள். நான் கேட்காமல் போட்டவளும் இல்லை, கேட்டுவிட்டுப் போடாதவளும் இல்லை, கேட்காமலே விட்டவள். அதுவும் ஒரு குறி போட்டதுதான்.

அடுத்த நவம்பர். மறுபடியும் பட்டியல். அந்தத் தோணி இல்லாவிட்டாலும் அதன் பெயரை நான் எடுக்கவில்லை. இறந்தவர்கள் ஐந்து பேரில், அந்தத் தாய் தன் மகனுக்கு முன்பே சொல்லியிருந்தாள்; இன்னும் மூன்று வீட்டார் அந்த வருடத்துக்குள் ஒவ்வொருவராக வந்து, போடச் சொல்லிவிட்டார்கள். மிக்கேல் தண்டல் பெயரை மட்டும் போன வருடம் மாதிரியே இடம் விட்டு அடிப்பது என்று நானும் ஹெட் கிளார்க்கும் பேசிவைத்திருந்தோம். அந்தத் தாள் மெஷினில் ஏறியிருந்தபோது செசிலியாக்கா உள்ளே வந்தாள். கையில் பை இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவுக பேரு வந்துருச்சா தங்கச்சி?"

"இப்பதான் அக்கா. இந்தா, இதுதான்."

அவள் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசிக்கத் தெரியாது, ஆனாலும் பார்த்தாள்.

"நானே போடுதேன். எப்பிடின்னு காட்டு."

ஹெட் கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டார். நான் எல் இருக்கும் கட்டையைக் காட்டினேன். மீன் அறுத்துத் தழும்பேறிய விரலால் அதை மெதுவாகத் தொட்டாள். எழுத்து மேலே வரவேயில்லை.

"நல்லா அமுக்குங்கக்கா."

அமுக்கினாள். டக் என்று விழுந்தது. பேக் ஸ்பேஸை நான் தட்டினேன், உருளையை நான் திருப்பினேன். அடுத்த கட்டையைக் காட்டியதும் அவள் விரல் அதன் மேல் போய் நின்றது.

"இத அடிச்சா முடிஞ்சிரும், என்ன?"

"ஆமாக்கா. அவசரம் ஒண்ணும் இல்ல. நாளைக்குக்கூட அடிச்சிக்கிடலாம்."

"வேண்டாம்," என்றாள். அடித்தாள்.

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத்தான் அழுகை வந்தது, அவள் அழவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அடுத்த பேரு யாரு?"

"அந்தக் கொச்சியில இருந்து வந்த பையன் அக்கா."

"அவனுக்குச் சிலுவ இல்லல்லா?"

"இல்லக்கா."

"அப்பம் அடி," என்றாள் செசிலியாக்கா, நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு. "பாத்துட்டுப் போறேன்."